முன்பே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன சுயவிருப்பம்?

ஒக்டோபர் 7: ஹட்டனிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"நாளை காலை நான் என்ன செய்யப்போகிறேன் என்று கடவுளுக்கு இன்றே தெரியும். அவருக்குத் தெரிந்தது பொய்யாகாது. ஆகவே நாளை அதைத் தவிர வேறெதையும் என்னால் செய்ய முடியாது. வேறு வழியில்லாமல் செய்ததற்கு யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. இதில் எந்த வரி பிழை? பிழை இல்லை என்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள்."

ஒக்டோபர் 7, இரவு

மூன்றாவது வரி.

அவருக்குத் தெரிந்தால் அது நடந்தே தீரும், சரி. ஆனால் "தெரிந்தால் நடக்கும்" என்ற தொடர்பு மட்டும்தான் இங்கே கட்டாயம். நடக்கிற காரியமும் கட்டாயத்தால் நடக்கிறது என்பது தனிக் கதை, அதை நீங்கள் நிறுவவே இல்லை. ஒருத்திக்கு ஒருவர் கணவர் என்றால் அவர் கல்யாணமானவர் என்பது கட்டாயம். அதனால் அவர் கல்யாணம் கட்டியே ஆகவேண்டியிருந்தது என்று வருமா? (வரும் என்பார் என் மாமனார்.)

ஒக்டோபர் 8

"அது வெறும் சொல் விளையாட்டு" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். விளையாட்டுத்தான், ஆனால் பழைய விளையாட்டு. ஆறாம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்தபடி ரோமத் தத்துவஞானி போயேதியுஸ் இதைத்தான் எழுதினார். ஒருவன் தரையில் நடக்கிறான், அதே நேரம் வானத்தில் சூரியன் எழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். சூரியன் எழுந்தே ஆகவேண்டும், அவன் நடந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பார்ப்பதால் அவன் காலில் யாரும் கயிறு கட்டிவிடவில்லை.

அங்கே பார்ப்பது இப்போது, கேள்வியிலோ தெரிவது முன்பே, அது எப்படி ஒன்றாகும் என்று கேட்டால், கடவுளுக்கு முன்பு பின்பு கிடையாது, அவர் காலத்துக்கு வெளியே இருந்து பார்க்கிறார் என்கிறார் போயேதியுஸ். எனக்கு அது பிடிக்கவில்லை. கேள்வியைக் கலைத்துவிட்டுப் பதில் சொன்னதாகப் பெயர் பண்ணுகிறார். ஆனால் சாகப்போகிற மனிதர் எழுதியது, ரொம்பவும் இழுக்க வேண்டாம்.

ஒக்டோபர் 11

கடவுளைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்ப்போம். நான் சிறுவனாக இருந்தபோது அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். தொங்கு தராசு. அம்மாவும் மற்றவர்களும் சாக்கை மாட்டுவார்கள், முள் மேலும் கீழும் ஆடும். அது நிற்கும் முன்பே அவர் பேனா எழுதி முடித்திருக்கும். முள் நின்றதும் பார்த்தால் பெரும்பாலும் அவர் எழுதியதுதான். சில நாள் சாக்கு வந்து சேரும் முன்பே, மலையிலிருந்து இறங்கி வருகிறவளின் நடையை வைத்தே, "பதினாலு" என்று பக்கத்தில் நிற்கிற கங்காணியிடம் சொல்வார்.

இப்போது கேள்வி. அவர் எழுதியதால் அவள் பதினாலு கிலோ பறித்தாளா, அவள் பறித்ததால் அவர் எழுதினாரா? இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கொழுந்து கையில்தான் இருக்கிறது, பேனாவில் இல்லை. அவருடைய அறிவு அவளுடைய உழைப்பின் பின்னால் வருகிறது, நேரத்தில் முந்தி வந்தாலும்.

நான் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கணக்குக் கெடும். "இன்னைக்கு உனக்கு அரைப்பேர்தான்" என்று, அதாவது அரைநாள் கூலிக்குத்தான் பறிப்பாய் என்று, காலையிலேயே சொன்னால், ரோசக்காரி ஒருத்தி முழுப்பேருக்குப் பறித்துக்கொண்டு வந்து சாக்கை அவர் காலடியில் போடுவாள். இன்னொருத்தி "எப்படியும் அரைதானே" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மௌனமாகத் தெரிந்துவைத்திருப்பதும் சொல்லிவிடுவதும் இரண்டு வேறு காரியங்கள். கேள்வி கேட்டவருடைய கடவுள் மௌனமானவர். அதனால்தான் அவர் கணக்குத் தப்புவதில்லை.

ஒக்டோபர் 11, பிற்பாடு

"கணக்கப்பிள்ளை தப்பலாம், கடவுள் தப்பமாட்டாரே" என்று பதுளைக்காரர் ஒருவர். நியாயமான அடி. தப்பலாம் என்கிற ஓட்டை இருப்பதால்தான் பறிப்பவள் சுதந்திரமாகத் தெரிகிறாள் என்கிறார். நேற்றே தெரிந்துவிட்டது, நேற்று நடந்ததை யாரும் மாற்ற முடியாது, ஆகவே இன்றையதும் மாறாது. முதல் கேள்வியை இப்படிக் கேட்டிருந்தால் நான் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. இதற்குக் கல்யாண உதாரணம் போதாது. யோசிக்கிறேன்.

ஒக்டோபர் 12

யோசிக்கிற இடைவேளையில் ஒரு புதிர். வில்லியம் நியூகோம் என்ற இயற்பியலாளர் உண்டாக்கியது, 1969இல் தத்துவவாதி ரொபர்ட் நோசிக் அச்சில் கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகள். ஒன்று திறந்திருக்கிறது, அதில் ஆயிரம் டொலர் தெரிகிறது. மற்றது மூடியிருக்கிறது, அதில் பத்து இலட்சம் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மூடியதை மட்டும் எடுக்கலாம், இரண்டையும் எடுக்கலாம். ஆனால் மனிதர்களின் முடிவை அநேகமாகத் தப்பாமல் கணிக்கிற ஒருவர் நேற்றே வந்துபோயிருக்கிறார். நீ மூடியதை மட்டும் எடுப்பாய் என்று கணித்திருந்தால் பத்து இலட்சம் வைத்திருப்பார். இரண்டையும் எடுப்பாய் என்று கணித்திருந்தால் வெறும் பெட்டி.

வீட்டில் கேட்டேன். மனைவி: "ஒண்ணு." மகன்: "ரெண்டும். வச்சது வச்சதுதானே, இப்ப நான் எடுக்கிறதால உள்ள இருக்கிறது மாறவா போகுது?" பக்கத்து வீட்டு அண்ணன்: "ரெண்டையும் எடுத்துக்கிட்டு, ஒண்ணுதான் எடுத்தேன்னு சொல்லிக்கலாம்."

நான் ஒன்றுதான் எடுப்பேன். காரணம் கேட்டால் மகனை மறுக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணிப்பாளர் உண்மையிலேயே இருந்தால் பணத்தோடு போவது என் மனைவி.

ஒக்டோபர் 16

"முதலில் சுதந்திரம் என்றால் என்ன என்று வரையறுங்கள், பிறகு பேசலாம்" என்று அதட்டியிருக்கிறார் ஒருவர். வரையறுத்தால் பேச ஒன்றும் மிஞ்சாது, அதுதான் சங்கடம்.

வேறுவிதமாகச் செய்திருக்க முடியும் என்பதே சுதந்திரம் என்றால், பதுளைக்காரர் ஜெயித்தார். நான் விரும்பியதைத் தடையில்லாமல் செய்தேன் என்பதே சுதந்திரம் என்றால், கடவுளுக்கு ஆயிரம் வருடம் முன்பே தெரிந்திருந்தாலும் எனக்கென்ன? பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் கிட்டத்தட்ட இந்தப் பக்கம். அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி பிராங்பர்ட் 1969இல் முதல் வரையறையையே ஒரு ஆட்டு ஆட்டினார். ஒருவன் தானாகவே ஒரு காரியத்தைத் தீர்மானித்துச் செய்கிறான். அவன் மனம் மாறினால் தலையிட்டு அதையே செய்ய வைக்க ஒருவர் மறைவில் தயாராக இருந்தார், ஆனால் தலையிடத் தேவையே வரவில்லை. அவனால் வேறுவிதமாகச் செய்திருக்க முடியாது. ஆனாலும் செய்தது அவன்தான், பொறுப்பும் அவனுடையதுதான், இல்லையா?

ஆகவே எந்த வரையறையைக் கையில் எடுக்கிறோமோ அந்தப் பதில் வருகிறது. இதைப் பார்த்துவிட்டு "அப்ப எல்லாம் நம்ம இஷ்டம், சும்மா வாய்ச்சண்டை" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன். மலையகத்தில் பிறந்தவன் அப்படி நினைத்துக்கொண்டு ரொம்ப நாள் இருக்க முடியாது.

இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எடுங்கள். யார் பிரஜை? இங்கே பிறந்தால் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த தலைமுறைகளில் எத்தனை பேரிடம் பிறப்புப் பதிவு இருந்தது? அடுத்த வருடச் சட்டம் இன்னொரு வாசல் திறந்தது. தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். கல்யாணமானவர் என்றால் 7 வருடம், ஆகாதவர் என்றால் 10 வருடம். ஏன் 7? ஏன் 8 இல்லை? தாலி ஏறினால் மூன்று வருடம் எப்படிக் குறையும்? ஒரு மேசையில் யாரோ போட்ட கோடு. ஆனால் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதை வைத்து முழுக் குடும்பங்களுக்கும் வாக்கு இருந்தது, இல்லாமல் போனது.

வரையறை இஷ்டத்துக்குப் போட்டதுதான். அதன் விளைவு யாருடைய இஷ்டத்துக்கும் வளைவதில்லை.

ஒக்டோபர் 17

"தத்துவத்தில் அரசியலைக் கொண்டுவராதீர்கள்."

கொண்டுவரவில்லை. வீட்டிலேயே இருந்தது.

ஒக்டோபர் 23

லிபெட் பரிசோதனையை யாராவது இழுப்பீர்கள் என்று தெரியும். (கணிப்பு! உங்கள் சுதந்திரம் பறிபோயிற்றா?) 1983இல் பெஞ்சமின் லிபெட் குழுவினர் விரும்பிய நேரத்தில் மணிக்கட்டை அசைக்கச் சொன்னார்கள். அசைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக ஆட்கள் சொன்ன கணத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு முன்பே மூளையில் மின்னோட்ட ஏற்றம் தொடங்கியிருந்தது. "மூளை முதலில் முடிவெடுக்கிறது, நீ அப்புறம்தான் தெரிந்துகொள்கிறாய்" என்று பத்திரிகைகள் எழுதின.

2012இல் ஆரோன் ஷுர்கரும் கூட்டாளிகளும் அதையே வேறுவிதமாக வாசித்தார்கள். மூளையில் எப்போதும் ஏற்ற இறக்கம் இருக்கிறது, அது தற்செயலாக ஒரு வாசலைத் தாண்டும்போது கை அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால் முன்பே ஒரு ஏற்றம் இருந்ததுபோல்தான் தெரியும். அப்படியானால் அந்த ஏற்றத்தின் தொடக்கம் முடிவு இல்லை, வாசலைத் தாண்டியதுதான் முடிவு. மறுபடியும் பாருங்கள், முடிவு எங்கே தொடங்குகிறது என்று எங்கே கோடு போடுகிறோம் என்பதில் வந்து நிற்கிறது.

மணிக்கட்டை அசைப்பதும் ஊரைவிட்டுப் போவதா என்று தீர்மானிப்பதும் ஒரே வகை முடிவு என்று எடுத்துக்கொள்வது எனக்கு முதலிலிருந்தே ஒட்டவில்லை.

ஒக்டோபர் 25

பண்டாரவளை பஸ்ஸில் ஒரு ஹாமுதுரு, பௌத்த பிக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் உடைந்த சிங்களத்தில் இந்த விவாதத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு மக்கலி கோசாலரைச் சொன்னார். புத்தர் காலத்து ஆசீவகர். எல்லாம் நியதி, முயற்சி என்று ஒன்றில்லை, எறிந்த நூலுண்டை பிரிந்து தீரும் வரை உருள்வதுபோல் முட்டாளும் அறிவாளியும் உருண்டு முடிவார்கள் என்பது அவர் கொள்கை. புத்தர் அதை மிக மோசமான கொள்கை என்றார். ஏன் மோசம் என்று கேட்டதற்கு ஹாமுதுரு, "அதை நம்பினால் காலையில் எதற்கு எழும்புவது?" என்றார். எழும்புவதும் நியதி என்று கோசாலர் சொல்லியிருப்பார். அதற்குள் அவருடைய ஊர் வந்துவிட்டது.

ஹட்டன்காரர் கவனிக்க: உங்கள் கட்சியை ஒளிவுமறைவில்லாமல் பிடித்தவர் அந்த ஒருவர்தான். அவர் மனிதர் கெட்டுப்போவதற்குக் காரணம் இல்லை என்றதோடு நிற்கவில்லை, தூய்மையாவதற்கும் காரணம் இல்லை என்றார். உங்களுக்கு முதல் பாதி மட்டும் வேண்டும்.

ஒக்டோபர் 29

இன்று மீரியபெத்தை நாள். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி போல், கொஸ்லந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை.

அந்த இடம் ஆபத்து என்று 2005இலேயே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தது. முன்பே தெரிந்திருந்தது. மலைக்குச் சுயவிருப்பம் கிடையாது, அதனால் அதன் சுதந்திரத்தைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சு ஓடியது: "போகச் சொன்னாங்களே, அவங்கதான் போகல." அதாவது அறிவிப்புக் கொடுத்தாயிற்று, இருந்தது அவர்கள் விருப்பம், பொறுப்பும் அவர்களுடையது.

இந்தப் பேச்சில் எந்த வரையறை வேலை செய்கிறது என்று பாருங்கள். யாரும் கட்டிப்போடவில்லை, ஆகவே சுதந்திரம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லை, வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது. இதெல்லாம் அந்த வரையறைக்குள் வராது. வராமல் இருப்பதுதான் அதன் வசதி.

அப்புறம் மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கும் எண்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் தயாராகு, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் 75 பெய்தால் வெளியேறு. 149இல் மலை இறங்காது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இதுவும் மேசையில் போட்ட கோடுதான். ஆனால் இந்தக் கோட்டோடு எனக்குச் சண்டை இல்லை. நடுச்சாமத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு, டோர்ச் வெளிச்சத்தில் மழைமானியைப் பார்க்கிற ஒருவருக்கு ஒரு எண் வேண்டும், ஆராய்ச்சிக் கட்டுரை உதவாது. கோடு தப்பாகிப்போனால் ஒரு இரவு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு வருவோம். 7 வருடம் 10 வருடம் என்ற கோடு தப்பானால் திரும்பி வருவதற்கு இடமே இல்லை. இஷ்டத்துக்குப் போட்ட கோடுகள் எல்லாம் ஒன்று என்பவரிடம் இந்த இரண்டையும் காட்ட வேண்டும்.

ஒக்டோபர் 30

இன்றைய திகதியும் சும்மா போகாது. 1964 ஒக்டோபர் 30, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுக்கும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.) பிறகுதான் ஒவ்வொருவரும் எந்த நாடு வேண்டும் என்று விண்ணப்பிக்கச் சொல்லப்பட்டார்கள்.

கடவுளின் முன்னறிவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காகிதம்தான் நினைவுக்கு வரும். மொத்தத் தொகை முதலில், விருப்பம் பிறகு. பெயர் வாரியாக யார் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எத்தனை பேர் என்று மட்டும் தெரியும்.

அப்பாயி, அப்பாவின் அம்மா, இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். ஏன் என்று பெரியவனான பிறகு கேட்டேன். "தங்கச்சி எழுதுனா, நானும் எழுதுனேன்" என்றார். படிவத்தை நிரப்பியது வேறு யாரோ, அப்பாயி வைத்தது கைநாட்டு. இந்தியா எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா என்றேன். "ஒங்க தாத்தா திருச்சி திருச்சிம்பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். தங்கச்சி குடும்பம், அழுது வழியனுப்புகிற அந்த ஒப்பாரிக் கோச்சி ரயிலில் ஏறித் தலைமன்னார் வழியாகப் போனது. போய்ச் சேர்ந்தது நீலகிரி. திரும்பி வந்தவர்களுக்கென்று தமிழ்நாடு அரசாங்கம் 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம். அங்கேயும் கொழுந்துதான். அப்பாயிக்கு முறை வரும் முன்பே கப்பல் நின்றுவிட்டது.

அப்பாயி செய்தது சுயவிருப்பமா? ஹியூம் வரையறையில் ஆம். யாரும் கையைப் பிடித்து நாட்டவில்லை. சட்டத்தின் வரையறையிலும் ஆம், கைநாட்டு இருக்கிறதே. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதே 1964 ஒக்டோபர் 30ஐ எடுத்து, அன்று முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர்களும் அவர்கள் சந்ததியும் பிரஜைகள் என்றது. ஒரே திகதி, ஒரு தடவை வெளியே தள்ள, ஒரு தடவை உள்ளே எடுக்க.

நவம்பர் 2

பதுளைக்காரருக்குக் கடன் பாக்கி. தப்பாத அறிவு நேற்றே இருந்தது, ஆகவே இன்று மாறாது என்பது அவர் வாதம். நான் இப்படிப் பார்க்கிறேன். நேற்றைய அறிவு நேற்று முடிந்துபோன சங்கதி என்றால், இன்று நான் செய்வதைச் சாராமல் அது முழுதாக நிற்க வேண்டும். ஆனால் அது என்னைப் பற்றிய அறிவு. நான் வேறு செய்பவனாக இருந்தால் நேற்று வேறு தெரிந்திருக்கும். திகதி நேற்றையது, உள்ளே இருப்பது இன்றையது. பதினாலாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவஞானி ஒக்கம் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனார். இது முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெட்டியை மட்டும் எடுக்கிற என் மனைவியின் பதிலும் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது, அவரிடம் சொன்னால் இவ்வளவு நேரம் ஆனதா என்பார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முன்பே தெரிந்திருப்பதால் செய்பவனின் பொறுப்புக் குறைகிறதா என்றே எல்லாரும் கேட்கிறோம். தெரிந்தவனின் பொறுப்புக் கூடுகிறதே, அதை ஏன் கேட்பதில்லை? மலை இறங்கும் என்று தெரிந்தவர்கள், தொகையை முன்பே எழுதியவர்கள், அரைப்பேர்தான் விழும் என்று காலையிலேயே தெரிந்தும் அவளை மேட்டு மலைக்கு அனுப்பிய கங்காணி. ஹட்டன்காரர் தன்னைக் கழுவிக்கொள்ளக் கடவுளின் அறிவைத் துணைக்கு அழைத்தார். அழைத்த கையோடு கடவுளையும் கூண்டில் ஏற்ற வேண்டிவரும்.

நவம்பர் 3

குறளை ஏன் விட்டீர்கள் என்கிறார்கள். விடவில்லை. "ஊழிற் பெருவலி யாவுள" என்றவரேதான் "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்கிறார். பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் அவரே தலைவர். முரண்பாடு என்று எனக்குப் படவில்லை. ஒன்று இழந்தவனிடம் சொல்வது, மற்றது எழும்ப மறுப்பவனிடம் சொல்வது. ஆளை மாற்றிச் சொன்னால் இரண்டும் கொடுமை.

நவம்பர் 6

"சரி, உங்கள் வரையறை என்ன, அதையாவது சொல்லித் தொலையுங்கள்."

நீ என்ன செய்வாய் என்று பிறர் கணித்ததை உன்னிடமே சொல்லிவிட்ட பிறகும், காரணம் கண்டு அதை மாற்றிக்கொள்ள உனக்கு நடைமுறையில் வழி இருந்தால் நீ சுதந்திரமானவன். இதன்படி, அரைப்பேர் என்று சொன்னதும் முழுப்பேருக்குப் பறித்தவள் சுதந்திரமானவள். உட்கார்ந்துவிட்டவளும்தான். மீரியபெத்தைக்காரர்களிடம் சொல்லப்பட்டது, வழி இருக்கவில்லை. அப்பாயியிடம் யாரும் சொல்லவே இல்லை. கடவுளுக்குத் தெரிந்திருப்பதால் ஹட்டன்காரரின் சுதந்திரம் குறையவில்லை, ஏனென்றால் கடவுள் அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கு வழியும் இருக்கிறது. ஆகவே குற்றமும் இருக்கிறது.

இதுவும் நான் மேசையில் போட்ட கோடுதான். ஓட்டையும் உண்டு. சம்பள நாளன்று சாராயக் கடைக்குப் போவான் என்று எல்லாருக்கும் தெரிந்த, அவனிடமே நூறு தடவை சொல்லப்பட்ட, போகாமலிருக்கக் கால் இருக்கிற ஒருவன் எங்கள் லயத்தில் இருக்கிறான். அவன் எந்தப் பக்கம்? என் வரையறை சுதந்திரமானவன் என்கிறது. அவன் பெண்சாதியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. யாராவது எடுத்துப் பாருங்கள்.